வலி தீர்ந்த பிறகு தொடங்கும் சிகிச்சை

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குச் செல்லும் பாதையில், கோமுகி அணைக்கு அண்மையில், மலையடிவாரத்தை ஒட்டி அமைந்திருக்கும் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. அங்கே கரும்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, நீர் தன்னுள் கரைத்து வைத்திருக்கக்கூடிய எல்லைக்கு மேலாகச் சர்க்கரையின் செறிவு உயர்ந்தவுடன், அதுகாறும் கண்ணுக்குப் புலப்படாதிருந்த இனிப்பு மணிமணியாக உருக்கொண்டு வெளிப்படுவதை ஆலைத் தொழிலாளர் நன்கு அறிவர். நம் சரீரத்தில் ஓடும் ரத்தமும் இந்த இயற்கை நியதிக்கு விலக்கன்று. யூரிக் அமிலம் என்னும் கழிவுப்பொருள் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் வரையில் கரைந்த நிலையில் இருக்கிறது. அந்த அளவைத் தாண்டி அது வருஷக்கணக்காக நீடிக்குமானால், சிலருக்கு மூட்டுகளின் உள்ளே ஊசி வடிவான உப்புப் படிகங்களாக உறைந்து தங்கிவிடுகிறது. வெப்பம் குறைந்த இடத்தில் கரைதிறனும் குறையுமாதலால், உடம்பின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும் கால் பெருவிரலின் அடிமூட்டே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகிறது. ‘கவுட்’ என்று மருத்துவர்களும், ‘யூரிக் ஆசிட்’ என்று நம் ஜனங்களும் குறிப்பிடும் கீல்வாதத்தின் பிறப்பு இதுவே.

இந்த வியாதியின் சுபாவம் விசித்திரமானது. மாலை வரையில் வயலில் நின்று உழைத்தவர் நள்ளிரவில் விழித்தெழுந்து, போர்த்திய துணி விரலில் படுவதையும் பொறுக்கமாட்டாமல் துடிக்கிறார். விரல் சிவந்து வீங்கிப் பளபளக்கிறது. சுளுக்கு என்று எண்ணிச் சிலர் உருவிவிடச் செய்கின்றனர்; மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவோர் பலர்; ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போவோரும் உண்டு. யாதொன்றும் செய்யாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அந்த வலி தானாகவே அடங்கிவிடும் இயல்புடையது. ஆதலின் கடைசியாக எதைச் செய்தோமோ அதுவே நம்மைக் குணப்படுத்தியது என்று நம்பிக்கொண்டு, நோயாளி விஷயத்தை மறந்துவிடுகிறார். ஆனால் படிகங்கள் மறைந்துவிடவில்லை. அடுத்த வலி ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ வருகிறது. பிறகு இடைவெளி குறுகுகிறது. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு என்று இடங்கள் பெருகுகின்றன. இறுதியில் விரல் மூட்டுகளிலும் காது மடலிலும் உப்புக் கட்டிகள் திரண்டு, எலும்பையே அரிக்கத் தொடங்குகின்றன. வலியைத் தணிக்கும் மருந்து வேறு, வியாதியைத் தீர்க்கும் மருந்து வேறு என்னும் பேதத்தை உணராத வரையில், மிக எளிதில் அடக்கத்தக்க இந்த நோய் ஏழை உழைப்பாளியின் கைகால்களை முடக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பேதத்தை ஜனங்களுக்கு உணர்த்துவதும், உணர்ந்தவர்களுக்கு மருந்து இடையறாது கிடைக்கச் செய்வதும் நம் பொதுச் சுகாதாரத் துறையின் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மூல காரணத்தைக் கண்டறிந்த வரலாறு

ஸ்வீடன் தேசத்து ரசாயன அறிஞர் ஷீலே 1776-இல் சிறுநீர்க் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1797-இல் இங்கிலாந்தின் வோலாஸ்டன், கீல்வாத நோயாளியின் மூட்டுக் கட்டியிலும் அதே பொருளின் உப்பு இருப்பதை நிரூபித்தார். லண்டன் மருத்துவர் ஆல்பிரட் காரட் 1848-இல் நோயாளிகளின் ரத்தத்திலேயே யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் கண்டு சொன்னார். இவ்வாறு எதிரி யார் என்பது நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்திருந்தும், அதனை உற்பத்தியாகுமிடத்திலேயே தடுக்கும் ஔஷதம் மட்டும் கைக்கு வராமலே இருந்தது.

அதனை உலகத்துக்கு அளித்தோருள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. கெர்ட்ரூட் எலியன் என்பது அவர் பெயர். பெண் என்ற ஒரே காரணத்தால் ஆய்வுக்கூடங்களில் வேலை மறுக்கப்பட்டு, முனைவர் பட்டம் பெறும் வாய்ப்பையும் இழந்த அவர், பர்ரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுடன் சேர்ந்து புற்றுநோய் மருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தொன்றை உடம்பிலுள்ள சாந்தின் ஆக்சிடேஸ் என்னும் நொதி விரைவில் சிதைத்துவிடுவதைத் தடுக்கும் பொருட்டு அவர்கள் தேர்ந்துகொண்ட பொருள்தான் அலோப்பியூரினால். அதே நொதிதான் யூரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. ஆதலின் அம்மருந்தை உட்கொண்டவர்களுக்கு யூரிக் அமிலமும் குறைந்தது. 1966-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அந்த மாத்திரை, அறுபது ஆண்டுகளாகியும் இன்றளவும் கவுட் சிகிச்சையில் முதலிடம் வகிக்கிறது. எலியனும் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அலோப்பியூரினால் இடம்பெற்றிருக்கிறது. விலையோ அற்பம். இத்தனை அனுகூலங்கள் இருந்தும் அதன் பயன் உரியவர்களுக்குச் சேரவில்லையென்றால், குறை மருந்தில் இல்லை. அதனைக் கையாளும் முறையில்தான் இருக்கிறது.

மருந்தைக் கையாளும் கிரமம்

முதலாவதாக, யாருக்கு இம்மருந்து வேண்டும்? வருஷத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி வந்தவர்களுக்கும், உப்புக் கட்டி திரண்டவர்களுக்கும், எக்ஸ்ரேயில் மூட்டு சிதைந்திருப்பது தெரிந்தவர்களுக்கும் அது அவசியம் என்பதில் மருத்துவ உலகில் அபிப்பிராய பேதமில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர், சிறுநீர்க் கல் உடையவர், ரத்தத்தில் 9 மில்லிகிராமுக்கு மேல் காண்பவர் ஆகியோருக்கு முதல் வலியின்போதே தொடங்குவது குறித்தும் யோசிக்கலாம். ஆனால் எவ்வித உபாதையுமின்றி, ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனையில் எண் சற்று உயர்ந்திருந்தது என்பதற்காக மாத்திரை எழுதிக் கொடுப்பது சரியன்று. யூரிக் அமிலம் மிகுந்தவர்களில் பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுவதும் கவுட் வருவதே இல்லை. குதிகால் வலிக்கும் முதுகு வலிக்கும் யூரிக் அமிலத்தைப் பழிசொல்லி மருந்து கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவி வருவது வருந்தத்தக்கது. தேவையில்லாதவர் விழுங்குவதும் தேவையுள்ளவர் நிறுத்திவிடுவதுமாகிய இரண்டு பிழைகளும் ஒருசேர நடந்துகொண்டிருக்கின்றன.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் ரத்தத்தில் யூரிக் அமிலம் தற்காலிகமாகத் தாழ்ந்து, சாதாரண அளவாகவே தெரியக்கூடும். அந்த ஒரு சீட்டைப் பார்த்து இது கவுட் இல்லை என்று தள்ளிவிடுவது தவறு. வலி தணிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையென்றால், மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தையே பிரத்தியட்சமாகக் காணும் வழியும் இருக்கிறது. 1961 முதல் நிலைபெற்ற பரிசோதனை அது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேனும் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, எவ்வளவு மருந்து? நாளொன்றுக்கு 100 மில்லிகிராமோ, சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவர்க்கு 50 மில்லிகிராமோ கொடுத்துத் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தத்தைப் பார்த்து, எண் 6-க்குக் கீழே இறங்கும் வரையில் படிப்படியாக உயர்த்திச் செல்வதே முறை. கட்டிகள் திரண்டிருந்தால் 5-க்குக் கீழே கொண்டுவருவது உசிதம். ஒருவர்க்கு 200 போதும். இன்னொருவர்க்கு 500 வேண்டியிருக்கும். ஆளுக்கு ஆள் வேறுபடும் இந்த அளவைத் தீர்மானிக்க வேண்டியது ரத்தத்தின் எண்ணேயன்றி, பழக்கமாக எழுதிவரும் ஒரே அளவுச் சீட்டு அன்று. கரையக்கூடிய எல்லைக்குக் கீழே ரத்தம் நிலைத்து நின்றால், பல வருஷங்களாகச் சேர்ந்த படிகங்கள் மெல்லமெல்லக் கரைந்து சிறுநீர் வழியே வெளியேறுகின்றன. இப்படி முற்றிலும் கரைத்து அகற்றத்தக்க மூட்டுநோய் வேறெதுவும் இல்லையென்றே சொல்லலாம்.

மூன்றாவதாக, மிகுந்த எச்சரிக்கையோடு விளக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இம்மருந்தைத் தொடங்கிய முதற் சில மாதங்களில் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடுதலாக வரக்கூடும். உறைந்து கிடந்த படிகங்கள் கரையத் தொடங்கி அசையும்போது மூட்டு மீண்டும் அழற்சி கொள்வதே இதற்குக் காரணம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகிய இந்த வலியை, முன்கூட்டியே சொல்லப்படாத நோயாளி மருந்தின் கெடுதல் என்று அர்த்தம் செய்துகொண்டு மாத்திரையை எறிந்துவிடுகிறார். இவ்விதம் சிகிச்சை முறிந்துபோன வீடுகள் நம் கிராமங்களில் எத்தனையோ. இதனைத் தவிர்க்கவே, தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் கொல்ச்சிசின் என்னும் மருந்தைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

அந்தக் கொல்ச்சிசினுக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதே பொருள்தான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர் வரிசையில் முதலாவதாக நிற்கும் அந்த மலர்க்கொடியைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரால் மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டார விவசாயிகள் பயிரிட்டு, கொல்ச்சிசின் தயாரிப்புக்காக விதையை ஏற்றுமதி செய்கின்றனர். உலகத்துக் கவுட் நோயாளிகளின் வலியைத் தமிழ்நாட்டு நிலம் தணிக்கிறது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் இக்கிழங்கு கொடிய விஷம். அதனை உட்கொண்டு உயிரிழந்தோர் உண்டு. மருத்துவர் அளந்து கொடுக்கும் அரை மில்லிகிராம் மாத்திரையன்றி, கிழங்கையோ விதையையோ வீட்டு வைத்தியமாக எவரும் தொடலாகாது. அன்றியும் கொல்ச்சிசின் வலியை மாத்திரமே தடுக்கும். யூரிக் அமிலத்தை அணுவளவும் குறைக்காது. மலைச் சந்தைகளில் விற்கப்படும் முடவாட்டுக்கால் கிழங்கும், வீட்டில் செய்யும் முடக்கத்தான் கீரை ரசமும் உண்போர்க்கு இதம் தரலாம். படிகத்தைக் கரைக்கும் சிகிச்சைக்கு அவை ஈடாகமாட்டா.

எச்சரிக்கைகள்

அலோப்பியூரினால் ஆபத்தே இல்லாத மருந்து என்று சொல்வது நேர்மையாகாது. மிக அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள், உடம்பெங்கும் கடுமையான தோல் தடிப்பும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் தோன்றி உயிருக்கே அபாயம் விளையலாம். ஒரு குறிப்பிட்ட மரபணு வகையை உடைய சீனர், தாய்லாந்தினர், கொரியர் முதலியோரிடம் இந்த ஆபத்து அதிகம். சிறிய அளவில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தோலில் தடிப்பு கண்ட அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள் உட்கொள்ளும் அசாதயோபிரின் மருந்துடன் இதைச் சேர்த்தால் ரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறைந்துவிடும் என்பதையும் மருந்தாளுநர்கள் மறக்கலாகாது.

ஃபெபுக்ஸோஸ்டாட் என்னும் புதிய மருந்தும் அதே நொதியைத் தடுக்கிறது. 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று அதனை உட்கொண்டவர்களிடம் இதய நோயால் நேர்ந்த மரணங்கள் அதிகம் என்று கூறவே, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. 2020-இல் ஐரோப்பாவில் வெளியான மற்றோர் ஆய்வில் அவ்வித அபாயம் தெரியவில்லை. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கையில், அலோப்பியூரினாலை ஒவ்வாதவர்க்கும் அது போதாதவர்க்கும் இதனை இரண்டாவதாகக் கொள்வதே விவேகம். சிறுநீர் வழியாக யூரிக் அமிலத்தை அதிகமாக வெளியேற்றும் புரோபெனெசிட் போன்றவை வேறொரு வகை. கல் உடையவர்க்கு அவை ஆகா.

ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சிறுநீர்ப் பெருக்கி மாத்திரைகளும், காசநோய்க்குக் கொடுக்கும் பைராசினமைடு, எதாம்பியூட்டால் ஆகியவையும் யூரிக் அமிலத்தை உயர்த்துகின்றன. காசநோய் மருந்து உண்போர் மூட்டுவலி கண்டு மிரண்டு அந்த மருந்தையே நிறுத்திவிடக் கூடாது; மருத்துவரிடம் சொன்னால் அதற்குப் பரிகாரம் உண்டு.

பத்தியமும் வலி மாத்திரையும்

கவுட் என்றவுடன் துவரம்பருப்பு கூடாது, கீரை கூடாது, தக்காளி கூடாது என்று தடைகளை அடுக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இறைச்சியும் கடல்மீனும் கவுட் நோயைப் பெருக்குகின்றன, காய்கறியோ பருப்போ பெருக்கவில்லை, பாலும் மோரும் குறைக்கின்றன என்று தெளிந்தது. பருப்பே பிரதான புரதமாகிய ஏழைக் குடும்பத்தில் அதையும் பறித்துவிடுவது பிரயோஜனமற்ற தண்டனை. ஈரல், குடல், நெத்திலி, மத்தி ஆகியவற்றைச் சுருக்கிக்கொள்வதும், புட்டிகளில் அடைத்த இனிப்புப் பானங்களை விலக்குவதுமே உண்மையான பத்தியம். சர்க்கரையில் சரிபாதியாகிய ஃபிரக்டோஸ் கல்லீரலில் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. மதுவோ அதன் உற்பத்தியையும் கூட்டி, வெளியேற்றத்தையும் தடுக்கிறது. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மதுவின் கேட்டை விரித்துரைக்க அவசியமில்லை. வெயிலில் கரும்பு வெட்டுவோர் போதிய நீர் அருந்துவதும் இன்றியமையாதது. எனினும் எவ்வளவு கடுமையான பத்தியமும் யூரிக் அமிலத்தை ஏறத்தாழ ஒரு மில்லிகிராமுக்குமேல் குறைப்பதில்லை. வியாதி பெரும்பாலும் பரம்பரையாலும் சிறுநீரகத்தின் இயல்பாலும் வருவதேயன்றி, நோயாளியின் நாக்கு செய்த குற்றத்தால் மட்டும் வருவதன்று. அவரைக் கண்டிப்பதைக் காட்டிலும் மாத்திரையைத் தொடரச் செய்வதே மேல்.

இவற்றுக்கெல்லாம் மேலான கேடு, சீட்டின்றிக் கடையில் வாங்கி மாதக்கணக்காக உண்ணும் வலி மாத்திரைகளால் விளைகிறது. அவை சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியவை. பழுதடைந்த சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றமாட்டாது. அது மிகுந்தால் வலி மிகும். வலி மிகுந்தால் மாத்திரை மிகும். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர் இந்தச் சுழலில் அகப்பட்டுக்கொண்டு, பெருவிரலில் தொடங்கிய நோயை டயாலிசிஸ் வரையில் கொண்டுபோவதைத் தடுக்கவல்லது, காலையில் உண்ணும் ஒரு மாத்திரையும் அவ்வப்போது பார்க்கும் ரத்தப் பரிசோதனையும்தான்.

செய்யத்தக்கது யாது?

எண்ணைப் பார்த்துப் பார்த்து அளவை உயர்த்தும் இந்த முறைக்கு ஆட்சேபம் இல்லாமல் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல், இதற்குப் போதிய ஆதாரம் இல்லை, வலி வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கருத்துரைத்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து அதற்குத் தக்க விடை வந்தது. 517 நோயாளிகளில் ஒரு பகுதியினரை வழக்கம்போல் குடும்ப மருத்துவரிடமும், மற்றவரைப் பயிற்சி பெற்ற செவிலியரிடமும் ஒப்படைத்தனர். செவிலியர்கள் நோயின் காரணத்தை விளக்கி, தொடக்கத்தில் வலி வரக்கூடும் என்று எச்சரித்து, எண்ணைக் கவனித்து அளவை உயர்த்திச் சென்றார்கள். இரண்டாண்டு முடிவில் அவர்களிடம் இருந்தவர்களில் 95 சதவீதத்தினர் குறிக்கோளை எட்டினர். மருத்துவரிடம் இருந்தவர்களில் எட்டியவர் 30 சதவீதமே. வலியும் வெகுவாகக் குறைந்தது, கட்டிகளும் கரைந்தன. இரு பிரிவினர்க்கும் எட்டும் தூரத்தில் இருந்தது அதே பழைய அலோப்பியூரினால்தான். பொறுமையாக விளக்கிச் சொல்லித் தவறாமல் திரும்பக் கேட்பதற்கு ஒருவர் இருந்ததும் இல்லாததுமே பேதம்.

அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றனர். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் செவிலியர்களும் நீரிழிவு, ரத்த அழுத்த நோயாளிகளின் இல்லத்துக்கே மருந்தைக் கொண்டு சேர்க்கின்றனர். அவ்விரு வியாதிகளும் உள்ளவர்களிடமே கவுட் நோயும் மிகுதியாகக் காணப்படுகிறது. போகிற வீட்டிலேயே, கொடுக்கிற பையிலேயே, இன்னொரு மாத்திரையையும் இன்னொரு கேள்வியையும் சேர்ப்பது எவ்வளவு பெரிய பாரமாகிவிடும்? 1994-இல் நிறுவப்பெற்று, மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரியாக விளங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு அலோப்பியூரினாலைத் தடையின்றி அனுப்புவது அரிய காரியமன்று. வேண்டுவன மூன்று: ஆரம்ப சுகாதார நிலையங்களில் யூரிக் அமிலமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் இலவசமாகப் பார்க்கும் வசதி, மருத்துவர் முதலில் ஆராய்ந்து தொடங்கிய மருந்தின் அளவை, எழுதிக் கொடுத்த நெறிமுறைப்படி உயர்த்திச் செல்லச் செவிலியர்க்குப் பயிற்சி, தடிப்பு கண்டாலோ வலி மிகுந்தாலோ உடனே அழைக்க ஒரு தொலைபேசி எண்.

இந்த ஏற்பாட்டை எங்கேயேனும் தொடங்கிப் பார்க்க வேண்டுமானால் கச்சிராயபாளையத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது. மேலே கரியாலூர், வெள்ளிமலை வரையில் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களில் வாழ்பவர், ஒரு ரத்தப் பரிசோதனைக்காக மலையிறங்கி வந்து போவதற்கு ஒரு நாள் கூலியை இழக்கிறார். வீங்கிய காலோடு மலைப்பாதையில் நடப்பது எத்தகைய துன்பம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் கரும்பு விவசாயிகளும் ஆலைத் தொழிலாளரும் நிறைந்திருக்கின்றனர். 2022-இல் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் இதே மாவட்டத்தில் சிறுவங்கூரில் இருக்கிறது. அங்குள்ள பேராசிரியர்கள் நெறிமுறையை வகுத்து, கீழேயும் மேலேயும் உள்ள சுகாதார நிலையங்கள் அதனை நடத்தி, இரண்டாண்டு கழித்து எத்தனை பேருடைய எண் 6-க்குக் கீழே நிற்கிறது என்று கணக்கிட்டு வெளியிட்டால், அது தமிழ்நாடு முழுவதற்கும் வழிகாட்டியாகும்.

புதிதாக மருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனை எழுப்ப வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் செலவிடவும் வேண்டியதில்லை. வலி தீர்ந்த பிறகும் மருந்தை விடாதீர்கள் என்று சொல்லவும், சொன்னதை அடுத்த மாதமும் வந்து கேட்கவும் பொதுச் சுகாதாரத் துறை ஒருவரை நியமித்தால் போதும். கையிலிருக்கும் பரிகாரத்தை உரியவர்க்குச் சேர்க்காமல் ஒரு தலைமுறை உழைப்பாளிகளின் மூட்டுகளை அழியவிடுவதற்கு நாம் சொல்லத்தக்க சமாதானம் எதுவுமில்லை. அரசு இதனை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.